பிரித்துப்போட்ட மழை

ரயில்வே குடியிருப்பு,
மேற்குக் கேப் மாகாணம்,
22 ஆகஸ்ட் 1999

பாசானிக்கு,

எப்போதும் எழுதுகிற ‘அன்புள்ள’ இந்தத் தடவை பேனாவில் வரவில்லை. வந்தால் கடைசியில் சேர்த்துக்கொள்கிறேன்.

துணி வந்து சேர்ந்தது. என் வீட்டுக்காரர் எலியாஸோடு வேலை செய்யும் ரயில் கார்டுதான் கொண்டுவந்து கொடுத்தார். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, கட்டிலில் விரித்து, நீ இதுவரை தைத்ததையெல்லாம் ஆசையாகப் பார்த்தேன். மரூலாப் பழம் உதிர்ந்து கிடப்பதைப் பார்த்தேன். நன்றாக இருந்தது. நீல மீன்கொத்தி ஊரைவிட்டுப் பறந்து போவதையும் பார்த்தேன். அப்புறம் மேல் மூலைக்கு வந்தேன்.

ஜூன் மாதத்தில் நான் தைத்த மழையைக் காணோம்.

துவைத்ததில் போகவில்லை, எலி கடிக்கவில்லை. உட்கார்ந்து ஒவ்வொரு இழையாகப் பிரித்திருக்கிறாய். வெள்ளைப் பூக்களை மட்டும் விட்டுவைத்திருக்கிறாய். கழுத்தளவு தண்ணீரில் நின்ற பூக்கள் இப்போது வெறும் கறுப்புத் துணியில் நிற்கின்றன. துணியை ஜன்னலில் பிடித்தால் ஊசி ஓட்டை வழியாக வெளிச்சம் தெரிகிறது.

நம் ஊரில் அந்த மரத்தடியில் சேர்ந்து தைத்த காலத்தில் நமக்கு இருந்ததே இரண்டு கட்டுப்பாடுதான். அந்தந்தப் பருவத்தில் கண்ணால் பார்த்ததை மட்டுமே தைக்க வேண்டும். அடுத்தவள் போட்ட இழையில் கை வைக்கக் கூடாது. பிடிக்கவில்லையா, பக்கத்தில் வேறு ஒன்று தைத்துக்கொள். மாமியாரும் மருமகளும் முகம் பார்க்காத வீட்டில்கூட இதை மீறியதில்லை.

என் தம்பி ரிசேங்கா போனபின் வந்த பருவங்களை அவன் பார்க்கவில்லை, அதையெல்லாம் ஒரு துணியில் தைத்து, டிசம்பரில் கல்லறைக் கல் திறக்கிற நாளில் அவன் கல்மேல் போர்த்திக் காட்டுவோம் என்று சொன்னவள் நீ. நீ அங்கே பார்த்ததை நீ, நான் இங்கே பார்த்ததை நான். ஒரு வருஷமாக இந்தத் துணி வடக்கும் தெற்கும் அலைகிறது. இப்போது அவனுக்கு எதைக் காட்டப் போகிறாய்? ஓட்டையையா?

ஏன் செய்தாய் என்று எழுது. வேறு ஊர்க்கதை எதுவும் வேண்டாம்.

மிசவேனி

(‘அன்புள்ள’ வரவே இல்லை.)

*

மாகெலானி கிராமம்,
கியானி வழி,
9 செப்டம்பர் 1999

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

நாங்கள் நலம். பிள்ளைகள் நலம். ஊர்க்கதை வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் கோழிகளைப் பற்றி எழுதவில்லை.

ஆமாம், நான்தான் பிரித்தேன். பிளேடு போடவில்லை. ஊசி முனையால் எடுத்தேன். நூலை வீணாக்காமல் உருண்டையாகச் சுற்றி வைத்திருக்கிறேன்.

இரண்டு கட்டுப்பாடு என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் கட்டுப்பாட்டை முதலில் மீறியது யார்? ஜூனில் மழை. எங்கள் ஆற்றில் ஜூனில் மணல் கிடக்கிறது, மாடு குடிக்க ஊற்றுத் தோண்டுகிறோம். இலை ஒன்றுகூட இல்லாத தடித்த தண்டில் அந்த இளஞ்சிவப்புப் பூ மட்டும் பூத்து நிற்கும், நீங்களும் பறித்துத் தலையில் வைத்திருக்கிறீர்கள். நான் அதைத்தான் தைத்தேன். ஒரு பூவைப் பறித்துவந்து மடியில் வைத்துப் பார்த்துப் பார்த்துத் தைத்தேன். அதற்குப் பக்கத்தில் நீங்கள் கொட்டுகிற மழையைத் தைத்து அனுப்பினால் நான் என்ன நினைப்பது?

போன வருஷம் ஜூனில் உங்கள் தம்பி இறந்த அன்று உங்களிடமிருந்து ஒரு தந்தி வந்தது. நினைவிருக்கிறதா? ‘கடும் மழை. பாலம் போய்விட்டது. வர முடியவில்லை.’ கொண்டுவந்தவன் சாவு வீட்டு முற்றத்தில் நின்று சத்தமாகப் படித்தான். உங்கள் பெரியப்பா கேட்டார்: “ஜூன்ல மழையா? அந்த ஊரு வானத்துக்கு மாசங்கூடத் தெரியாதா?” அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள் அக்கா. என் புருஷனை உள்ளே கிடத்தியிருக்கிறது, வெளியே சிரிப்பு. அந்தச் சிரிப்பு உங்கள் தந்தியால் வந்தது.

வாத்தியார் பிற்பாடு சொன்னார், கேப் பக்கம் குளிர்காலத்தில்தான் மழை என்று. சரி, கேட்டுக்கொண்டேன். ஆனால் டர்பனில் இருந்து சித்தப்பா மகன் வந்தான், ஜோஹன்னஸ்பர்க்கில் இருந்து கடன்காரன்கூட வந்து மண் போட்டான். கூடப் பிறந்த அக்கா ஒருத்திக்குத்தான் வானம் குறுக்கே வந்தது.

ஒன்று சொல்ல வேண்டும், பிறகு வேறு யார் வாயிலாவது கேட்டுச் சண்டைக்கு வருவீர்கள். கல் திறக்கிற அன்று கல்மேலிருந்து துணியை எடுக்க வேண்டியது அந்த வீட்டில் பிறந்த அத்தை. உங்கள் பெரியப்பா மகள் நியெலெட்டியை எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவள் பக்கத்து ஊரில்தான் இருக்கிறாள். மழை வந்தாலும் வெயில் வந்தாலும் வந்துவிடுவாள்.

துணியைத் திருப்பி அனுப்புங்கள். இன்னும் அக்டோபர் பாக்கி இருக்கிறது.

பாசானி

*

ரயில்வே குடியிருப்பு,
27 செப்டம்பர் 1999

பாசானி,

உன் கடிதத்தை எலியாஸிடம் படித்துக்காட்டினேன். பாதியிலேயே, “உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் வரல, எனக்கு டூட்டி இருக்கு” என்று தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இன்று அவருக்கு விடுமுறை.

நியெலெட்டியா? காலண்டர் படத்தைப் பார்த்து ரோஜாப்பூ தைக்கிறவளா? ரோஜாவை நேரில் பார்த்திருக்கிறாளா அவள்? தன் தாய் சாவில் யார் என்ன உடுத்தி வந்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தவள், என் தம்பி கல்லில் கை வைப்பாள். உனக்கு நன்றாகத் தெரியும், எனக்கு எங்கே வலிக்கும் என்று. அந்த இடத்திலேயே குத்தியிருக்கிறாய்.

என் கல்யாணத்துக்கு வந்த பரிசமாட்டை ஓட்டிக்கொண்டுபோய்த்தான் உன்னை என் தம்பிக்குக் கட்டினோம். என் மாட்டில் வந்தவள் நீ. இதைச் சொல்லிக்காட்டுகிற வழக்கம் எனக்கு இல்லை, இன்று சொல்லுகிறேன். என் மாட்டில் வந்தவள் எனக்கே வாசலை மூடுகிறாள்.

மழையைப் பற்றிக் கேட்டாய். கேட்கவில்லை, தீர்ப்பு எழுதிவிட்டாய். ஆனாலும் சொல்கிறேன்.

ரிசேங்காவுக்கு முடியவில்லை என்று தெரிந்ததும் மூட்டை கட்டிவிட்டேன். கருவாடு, கம்பளி, அவன் கேட்ட அந்தப் பச்சைத் தொப்பி. ரயில் பாதையில் மண் சரிந்துவிட்டது என்றார் எலியாஸ். பஸ் பிடித்தேன். பள்ளத்தாக்கு முடிகிற இடத்தில் ஆற்றுப் பாலம். பஸ் நின்றது. நான் இறங்கி டிரைவரிடம் சண்டை போட்டேன். அவர் கையை நீட்டிக் காட்டி, “அம்மா, பாலமே இல்ல. எதுமேல ஓட்டச் சொல்றீங்க?” என்றார். பார்த்தேன். இந்தக் கரையில் தார், அந்தக் கரையில் தார், நடுவில் செம்மண் தண்ணீர், அதில் ஒரு மரம் வேரோடு உருண்டு போகிறது.

எல்லாரும் பஸ்ஸுக்குள் ஏறிக்கொண்டார்கள். நான் ஏறவில்லை. ஏறினால் திரும்பிப் போவதாக ஆகிவிடும். டிரைவர் கையில் தந்தி எழுதிக் கொடுத்துவிட்டு, தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு ரோட்டோரம் ஒரு கல்லில் உட்கார்ந்தேன், மறுநாளும் அங்கேயே இருந்தேன். வாய்க்காலில் புனல் மாதிரிச் சுருண்ட வெள்ளைப் பூக்கள். இங்கே குளிர்காலத்தில் சாக்கடை ஓரத்தில்கூட அது பூக்கும். தண்ணீர் அதன் கழுத்துவரை ஏறிவிட்டது. ஒரு பூ மூழ்கும், மறுபடி தலையை நீட்டும். அங்கே அவனைக் குழியில் இறக்குகிற நேரத்தில் நான் அந்தப் பூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் பாசானி. நான் பார்த்தது அது. அதைத்தான் தைத்தேன். கண்ணால் பார்க்காததை ஒரு இழைகூடப் போடவில்லை.

நீ அந்தப் பூவை விட்டுவிட்டுத் தண்ணீரை எடுத்திருக்கிறாய்.

துணியை அனுப்பமாட்டேன். பிரித்தவள் வந்து தைத்துக் கொடுக்கட்டும். நான் இரண்டாம் தடவை தைக்கமாட்டேன்.

மிசவேனி

*

மாகெலானி,
18 அக்டோபர் 1999

அக்காவுக்கு,

துணியை வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறீர்கள். இங்கே மோப்பானே மரம் துளிர் விட்டாகிவிட்டது. துளிர் செப்புச் சிவப்பாக இருப்பது பத்து நாளைக்குத்தான், அதற்குள் தைக்காவிட்டால் பச்சையாகிவிடும், பிறகு அடுத்த வருஷம்தான். உங்கள் ஊரில் திராட்சை இலை சாகும்போது சிவக்கிறது, அதைத் தைத்து அனுப்பினீர்கள். எங்களுக்குச் சிவப்பு பிறக்கிற நிறம். அதை அவருக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு வருஷமாகக் காத்திருந்தேன். ஒரு கிளையைத் தண்ணீர்ப் பானையில் போட்டு வைத்திருக்கிறேன். தினமும் கொஞ்சம் பச்சையாகிறது.

மாட்டுக் கதையைச் சொல்லிக்காட்டினீர்கள். சொல்லுங்கள். நான் அதை மறைத்ததில்லை. உங்கள் மாட்டில் வந்தவள் என்பதால்தான் உங்கள் தம்பி கடைசி நாளில் என்னிடம் கேட்டார்: “அக்கா வர்ற பஸ் எப்ப வரும்?” நான் சொன்னேன்: “வந்துக்கிட்டே இருக்காங்க.” அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். நானும் அதையே சொன்னேன். அதுதான் அவருடைய கடைசிப் பேச்சு.

நீங்கள் உங்கள் ஜூனைச் சொல்லிவிட்டீர்கள். என் ஜூனை யாரும் கேட்கவில்லை.

புருஷனை இழந்தவள் அடக்கம் முடிகிறவரை பாயை விட்டு எழுந்திருக்கக் கூடாது. உங்களுக்குத் தெரியாததில்லை. அடக்கத்தன்று காலையில் போதகர் வெளியே நின்று சத்தம் போடுகிறார்: “வெயில் ஏறிப்போச்சு, இன்னும் யாருக்காகக் காத்திருக்கீங்க?” தந்தி வந்தாகிவிட்டது, சிரித்தாகிவிட்டது, பெட்டியை மூட ஆணி எடுத்துவிட்டார்கள். நான் எழுந்தேன். போர்வையோடு எழுந்து, பெண்கள் பிடிக்கப் பிடிக்க உதறிவிட்டு, செருப்பில்லாமல் தார் ரோட்டுக்குப் போனேன். நீங்கள் வருகிறீர்கள் என்று அவரிடம் சொல்லியிருந்தேன் அல்லவா? தந்தி என்ன சொன்னால் என்ன, பாலம் உடைந்தால் இன்னொரு வழியில் வருவாள், என் நாத்தனாரை எனக்குத் தெரியும் என்று நின்றேன்.

பஸ் வந்தது. கதவு திறந்தது. யாரோ ஒரு அம்மாள் வாழைத்தார் வைத்திருந்தாள், இறங்கிப் போனாள். கதவு மூடியது. அடுத்த பஸ்ஸில் யாருமே இறங்கவில்லை. கதவு மட்டும் திறந்து மூடியது. பிறகு பெரியப்பா வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

பாயை விட்டு எழுந்த பெண் என்று ஊரில் இன்னும் பேசுகிறார்கள். கிணற்றடியில் நான் போனால் பேச்சு நிற்கும். இதை உங்களுக்கு எழுதவில்லை, எழுதியிருக்கவும் மாட்டேன். மழையை நீங்கள் அழகாக, பளபளவென்று நீல நூலில் தைத்து அனுப்பினீர்களே, அதைப் பார்த்ததும் கை நிற்கவில்லை.

நான் உங்கள் மழையைப் பார்க்கவில்லை. பார்க்காததை என்னால் தைக்க முடியாது. நான் பார்த்தது ரோடு. துணியை அனுப்பினால் அந்த ஓட்டை விழுந்த இடத்தில் ரோட்டைத் தைப்பேன். அனுப்பாவிட்டால் கல்லின்மேல் நியெலெட்டியின் காலண்டர் ரோஜாவைப் போர்த்திக்கொள்கிறோம்.

பாசானி

*

ரயில்வே குடியிருப்பு,
28 அக்டோபர் 1999

பாசானி,

துணியை அனுப்பியிருக்கிறேன். கார்டு கையில் கொடுத்து, மடியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

நீ பாயை விட்டு எழுந்ததை எனக்கு யாரும் சொல்லவில்லை. இந்த வீட்டில் நான் ஒருத்தி இருக்கிறேன் என்ற நினைப்பு யாருக்காவது இருந்தால்தானே சொல்வதற்கு. பெரியப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். அது உனக்குத் தேவையில்லை. வாசித்தால் அவருக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்காது. கிணற்றடியில் பேச்சை நிறுத்துகிறவர்கள் யார் யார் என்று எழுது, அவர்களுக்கும் போடுகிறேன்.

உன்மேல் கோபம் குறைந்துவிட்டது என்று நினைக்காதே. என் இழையைப் பிரித்தது பிரித்ததுதான். அதற்கு என்ன காரணம் சொன்னாலும் என் வயிறு எரிகிறது.

ரோட்டைத் தை. பூவில் கை வைக்காதே.

மிசவேனி

*

மாகெலானி,
14 நவம்பர் 1999

அக்காவுக்கு,

துணி இத்துடன் வருகிறது. துளிர் பச்சையாகிவிட்டது. ஆற்றுப் பக்கம் நிழலில் ஒரு குட்டி மரம் தாமதமாகத் துளிர்த்திருந்தது, அதைப் பார்த்துத் தைத்துவிட்டேன்.

ரோட்டையும் தைத்தேன். பஸ்ஸையும். கதவு திறந்திருக்கிறது. உள்ளே ஆள் இல்லை, கறுப்பாக விட்டிருக்கிறேன். உங்கள் பூக்களைத் தொடவில்லை. இப்போது அவை எங்கள் ரோட்டோரத்தில் நிற்கின்றன. பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கிறது. இங்கே அந்தப் பூவே கிடையாது.

பொட்டலத்தின் உள்ளே ஒரு சின்ன உருண்டை இருக்கும். அது உங்கள் நீல நூல். என்னிடம் இருந்து என்ன பயன்?

உங்கள் கடிதம் கிடைத்தபின் பெரியப்பா என் வீட்டுக்கு வந்து ஒரு கோழி கொடுத்துவிட்டுப் போனார்.

பாசானி

*

ரயில்வே குடியிருப்பு,
29 நவம்பர் 1999

பாசானி,

உன் ரோடு கோணல். தார் ரோடா, மாட்டுத்தடமா? பஸ்ஸுக்குச் சக்கரம் ஒன்று பெரிசு ஒன்று சிறிசு. நீ எதையும் நேராகத் தைத்ததில்லை, ரிசேங்காவும் உன்னைப் பாராட்டியே கெடுத்துவிட்டான்.

துணியை முழங்காலில் போட்டுக்கொண்டு அந்தத் திறந்த கதவையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் கஞ்சி தீய்ந்துவிட்டது.

இரண்டாம் தடவை தைக்கமாட்டேன் என்று எழுதினேன். தைத்துவிட்டேன். அதே நூல். பிரித்த நூல் ஆதலால் சுருண்டு சுருண்டு வருகிறது, முன்போலப் பளபளப்பு இல்லை. மழை கொஞ்சம் கலங்கலாகத்தான் விழுகிறது. அன்றைக்கு விழுந்ததும் அப்படித்தான். பழைய ஓட்டை இருந்த இடத்தில் உன் ரோடு வந்துவிட்டது, அதனால் உன் ரோட்டின்மேலேயே பெய்யவிட்டேன். உன் இழை ஒன்றையும் பிரிக்கவில்லை, குனிந்து எண்ணிப் பார்த்துக்கொள். மேலேதான் போட்டிருக்கிறேன். உன் ரோடு நனைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பஸ் கதவுக்குள் நான் எதுவும் தைக்கவில்லை. நான் அந்த பஸ்ஸில் இல்லை. இல்லாததைத் தைக்கமாட்டேன்.

டிசம்பருக்கு எலியாஸுக்கு லீவு கிடைத்திருக்கிறது. ஆனால் நான் வரவில்லை. என் தம்பி கல்லில் நியெலெட்டி கை வைத்து இழுப்பதைக் கூட்டத்தோடு நின்று வேடிக்கை பார்க்க இவ்வளவு தூரம் வரமாட்டேன். அதற்கு இங்கேயே அந்த ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருப்பேன். அந்தக் கல் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பிள்ளைகளுக்குத் துணி எடுத்து வைத்திருக்கிறேன். தபாலில் வரும்.

மிசவேனி

*

மாகெலானி,
8 டிசம்பர் 1999

அக்கா,

மழையைப் பார்த்தேன். பெண்கள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். இந்த மழை எந்தப் பக்கத்துக் காற்றில் இப்படிச் சாய்கிறது என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது, போட்டவளைக் கேளுங்கள் என்றேன். பெரியப்பாவும் பார்த்தார். ஜூனைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

எண்ணிப் பார்க்கவில்லை. நீங்கள் பிரிக்கமாட்டீர்கள் என்று தெரியும்.

பஸ் சக்கரத்தைப் பற்றிச் சொன்னீர்கள். போர்வையைப் போர்த்திக்கொண்டு அழுதவள் கண்ணுக்குச் சக்கரம் அப்படித்தான் தெரிந்தது. மாற்றமாட்டேன்.

நியெலெட்டியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, “அவ வரமாட்டா, அப்பறம் என் கால்ல வந்து விழுவீங்க” என்றாள். விழமாட்டேன் என்றேன். நான் எடுக்க முடியாது, நான் இந்த வீட்டுப் பெண் இல்லை, உங்கள் மாட்டில் வந்தவள். ஆகையால் இப்போது அந்தத் துணியை எடுக்க ஊரில் ஆள் இல்லை. நீங்கள் வராவிட்டால் கல் மூடியபடியே இருக்கும். போதகர் கத்துவார். கத்தட்டும், அவர் கத்தி நான் கேட்டதில்லையா?

துணியில் எல்லாம் முடிந்துவிட்டது. மீன்கொத்தி திரும்பி வந்துவிட்டது, மோப்பானேப் புழுவும் மரமெல்லாம் ஏறிவிட்டது, இரண்டையும் தைத்தாகிவிட்டது. அந்த பஸ் கதவு மட்டும் கறுப்பாக இருக்கிறது. பார்த்ததை மட்டுமே தைக்க வேண்டும் என்று நீங்களே எழுதினீர்கள். நான் இன்னும் பார்க்கவில்லை.

18ஆம் தேதி சனிக்கிழமை விடிந்ததும் கல் திறக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து நான் தார் ரோட்டில் நிற்பேன். துணி என் தோளில் இருக்கும். ஊசியில் சிவப்பு நூல் கோர்த்து வைத்திருப்பேன், உங்களுக்குச் சிவப்புத்தான் பொருந்தும். வருகிற பஸ் எல்லாவற்றின் கதவையும் பார்ப்பேன்.

இந்தத் தடவையும் என்னை ரோட்டில் நிற்கவைத்துவிட்டுப் போனால், அக்கா, ஊசியை ஆற்றில் போட்டுவிடுவேன்.

அன்புள்ள,
பாசானி